சுண்ணாம்புச் சில்லில் ஒரு பசு
பழைய எகிப்தியச் சிற்பிகளின் மாட்டு வரைவுகளும் புடைப்புச் சிற்பங்களும்

(அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு)



ஓவிய ஆசிரியர் ஒருவரின் பெயரால் அவரிடம் படித்தவர்களே கூடி நிறுவிய அறக்கட்டளை இது. வசதி படைத்த ஒருவர் தனியாகக் கொடுத்திருக்கலாம். அதைவிட, மாணவர்கள் தங்கள் சம்பாத்தியத்தில் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு ஆசிரியர் பெயரை நிலைநிறுத்தியிருப்பது பெரிய செய்தி. அவர் வாழ்நாள் முழுதும் வற்புறுத்தியது கோட்டுப் பயிற்சியை. ஆகவே முடிந்த படைப்புகளைப் பற்றி மட்டும் பேசாமல், அவற்றுக்கு முன்னால் கை பழகிய வரைவுகளைப் பற்றியும் பேசுவது அவர் நினைவுக்குப் பொருத்தம் என்று எண்ணினேன். நான் எடுத்துக்கொண்ட பொருள், பழைய எகிப்தில் சிற்பிகள் மாட்டை எப்படிப் பார்த்தார்கள், எப்படி வரைந்து பழகினார்கள், எப்படிக் கல்லில் புடைத்தெடுத்தார்கள் என்பது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எகிப்தியக் கலை என்றதும் விறைத்து நிற்கும் அரசர்கள் நம் கண்முன் வருகிறார்கள். அந்த விறைப்பு மேல்நிலையில் இருந்தவர்களுக்கு வகுக்கப்பட்ட இலக்கணம். அதே சிற்பி, அதே சுவரில், மாட்டிடம் வந்து சேரும்போது அவன் கை இளகுகிறது. அங்கே அவன் விதியைக் காட்டிலும் கண்ணை நம்புகிறான். அந்தக் கண்ணுக்குப் பின்னால் நீண்ட பயிற்சி இருந்தது. அதற்குச் சாட்சியாக மிஞ்சியிருப்பவை, வேண்டாம் என்று வீசப்பட்ட கல் சில்லுகள்.

1. மாட்டுக் கணக்கும் ஆண்டுக் கணக்கும்

எகிப்தின் பழைய அரச காலத்தில் நாடு முழுவதும் மாடுகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் இருந்தது. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும். இன்ன அரசனின் இத்தனையாவது கணக்கெடுப்பு நடந்த ஆண்டு, அல்லது அதற்கு மறு ஆண்டு என்றே ஆவணங்களில் காலம் எழுதினார்கள். பலெர்மோக் கல் எனப்படும் அரச ஆண்டுக் குறிப்பில் இந்தக் கணக்கெடுப்புகள் பதிவாகியிருக்கின்றன. ஆட்சி ஆண்டையே மாட்டைக் கொண்டு எண்ணிய நாட்டில், மாட்டை உற்றுப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இருந்திருக்காது.

அந்தக் காட்சியைக் கண்ணால் காண வேண்டுமானால் மெகெத்ரே என்ற அதிகாரியின் கல்லறையில் கிடைத்த மரப் பொம்மைகளைப் பார்க்க வேண்டும். சுமார் கி.மு. 2000-ஐச் சேர்ந்தவை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் குழு, ஹெர்பர்ட் வின்லாக் தலைமையில் 1920-இல் தீப்ஸ் நகரின் மேற்கே அவற்றைக் கண்டெடுத்தது. தூண் வைத்த சிறு மண்டபத்தில் மெகெத்ரே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் எழுத்தர்கள் கணக்கு எழுதுகிறார்கள். கீழே மேய்ப்பர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். மாடு ஒவ்வொன்றுக்கும் தனி நிறம், தனி மறை. நம் ஊர்க்காரர்கள் செவலை, காரி, மயிலை என்று பிரித்துச் சொல்வதுபோல் அந்தத் தச்சனும் வண்ணத்தில் பிரித்திருக்கிறான். எண்ணிக்கைக்காகச் செய்த பொம்மையில் ஒரே அச்சு மாட்டைத் திரும்பத் திரும்ப வைத்திருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை.

மாடு அங்கே சின்னமாகவும் இருந்தது. கி.மு. 3100 அளவில் செய்யப்பட்ட, நார்மர் என்ற அரசனின் பலகையின் அடிப்பகுதியில் ஒரு காளை மதிலைக் கொம்பால் இடித்து, விழுந்து கிடக்கும் பகைவனை மிதிக்கிறது. அது அரசனின் வலிமையைச் சொல்லும் காளை. பலகையின் உச்சியில் மனித முகமும் மாட்டுக் கொம்பும் காதும் கொண்ட தெய்வத் தலைகள் இருக்கின்றன. ஆக, எகிப்தியச் சிற்பியிடம் இரண்டு மாடுகள் இருந்தன. ஒன்று பொருள் சுமக்கும் மாடு. மற்றொன்று புல் மேயும் மாடு. என் பேச்சு இந்த இரண்டாவது மாட்டைப் பற்றியது.

2. சில்லும் காவியும்

இன்றைய லக்ஸர் நகருக்கு எதிரே, நைல் ஆற்றின் மேற்குக் கரையில், தெய்ர் எல்-மெதீனா என்ற சிற்றூர் இருக்கிறது. அரசர் பள்ளத்தாக்கில் மலையைக் குடைந்து கல்லறை அமைத்த கல்தச்சர்களும் வரைவாளர்களும் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர். கி.மு. 16-ஆம் நூற்றாண்டு முதல் ஏறக்குறைய 500 ஆண்டுகள் அங்கே தொழில் நடந்தது. பெர்னார் ப்ரூயேர் என்ற பிரெஞ்சு அகழாய்வாளர் 1922 முதல் 1951 வரை அந்த ஊரைத் தோண்டினார். ஊருக்கு அருகே இருந்த பெருங்குழி ஒன்றில் ஆயிரக்கணக்கான சுண்ணாம்புக்கல் சில்லுகளும் பானை ஓடுகளும் குப்பையாகக் கொட்டப்பட்டிருந்தன. எழுத்தும் படமும் கொண்ட சில்லுகள்.

ஏன் சில்லு? பாப்பிரஸ் தாளுக்கு விலை உண்டு. மலையைக் குடையும்போது தெறித்து விழும் வெள்ளைச் சில்லுக்கு விலை இல்லை. உள்ளங்கையில் அடங்கும், மேல்பக்கம் வழவழப்பாக இருக்கும், மை பிடிக்கும். வேலைக்கு வராதவர் பட்டியல், கடன் கணக்கு, கடிதம் எல்லாம் அதில்தான். படங்களும் அதில்தான். அரசனின் பக்கத் தோற்றம், ஆடும் பெண், குரங்கு, குதிரை, காளை, கன்றுக்குப் பால் கொடுக்கும் பசு, கோலோடு நிற்கும் மேய்ப்பன் என்று ஒரு பெரிய உலகம். பூனை எலிக்குப் பணிவிடை செய்யும் கேலிப் படங்களும் உண்டு. இந்தப் படச் சில்லுகளை வகைப்படுத்தி அட்டவணையிடும் பெரும் பணியை ழான் வாந்தியே தபாதி என்ற பெண் அறிஞர் 1930களில் தொடங்கி நூல் தொகுதிகளாக வெளியிட்டார்.

வரையும் முறையைக் கவனிக்க வேண்டும். நாணல் தண்டின் நுனியை நசுக்கி நார் நாராக்கிய தூரிகை. முதலில் செங்காவி. அதன்மேல் கரி மை. சிவப்புக் கோடு தேடுகிறது, கறுப்புக் கோடு முடிவு செய்கிறது. முதுகின் வளைவைச் சிவப்பில் ஒரு முறை போட்டுப் பார்த்து, சற்று இறக்கி மறுபடி போட்டு, பிறகு கறுப்பில் உறுதி செய்வது சில்லிலும் உண்டு, சுவரிலும் உண்டு. சிவப்பு அழிக்கப்படவில்லை. ஆகவே அந்தத் தயக்கம் 3000 ஆண்டுகளுக்குப் பிறகும் நமக்குத் தெரிகிறது.

சுவரில் நடந்ததை அரசர் பள்ளத்தாக்கில் ஹோரெம்ஹெப் அரசனின் கல்லறை படிப்படியாகக் காட்டுகிறது. 1908-இல் திறக்கப்பட்ட அந்தக் கல்லறையில் வேலை பாதியில் நின்றுவிட்டது. நின்றதே நமக்கு ஆதாயம். ஒரு சுவரில் வெறும் சிவப்புக் கோடு. இன்னொன்றில் தலைமை வரைவாளர் கறுப்பில் திருத்தியிருக்கிறார். அடுத்ததில் உளி தொடங்கியிருக்கிறது. வேறொன்றில் வண்ணம் பூசி முடிந்துவிட்டது. ஒருவர் வரைய, ஒருவர் திருத்த, ஒருவர் செதுக்க, ஒருவர் வண்ணம் தீட்ட, கூட்டாக நடந்த தொழில் இது.

மனித உருவத்துக்குக் கட்டம் உண்டு. காவியில் தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துத் தட்டி, சுவரைச் சதுரங்களாகப் பிரிப்பார்கள். நிற்கும் மனிதன் பாதத்திலிருந்து நெற்றி மயிர்க்கோடு வரை 18 கட்டம். முழங்கால் எந்தக் கட்டத்தில், தோள் எந்தக் கட்டத்தில் என்பதெல்லாம் தீர்மானமானவை. மாட்டுக்கும் கட்டம் போட்டதுண்டு என்றாலும் இறுக்கம் அந்த அளவுக்கு இல்லை. மாடு குனியலாம், திரும்பலாம், படுக்கலாம், பின்காலால் காதைச் சொறியலாம். பிரபு அப்படிச் செய்ய முடியாது.

3. தட்டைக் கல்லில் கொம்பும் காலும்

புடைப்புச் சிற்பத்தில் இரண்டு வகை. உருவத்தைச் சுற்றியுள்ள பரப்பைச் செதுக்கித் தாழ்த்தி உருவத்தை மேலே நிறுத்துவது ஒன்று. பரப்பை அப்படியே விட்டு, உருவத்தின் விளிம்பை ஆழமாக வெட்டி, அதற்குள்ளேயே உடலை வார்ப்பது மற்றொன்று. முதல் வகை விளக்கொளியிலும் உள்ளறைகளிலும் அழகாக நிற்கும். இரண்டாம் வகையில் விளிம்பு நிழலைப் பிடித்துக்கொள்வதால் வெயில் படும் வெளிச்சுவருக்கு ஏற்றது. எந்த வகையானாலும் ஆழம் பெரும்பாலும் மிகக் குறைவு. சில மில்லிமீட்டருக்குள் தோள்பட்டை, விலா, முட்டி எலும்பு, கழுத்து மடிப்பு, அலைதாடி எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும்.

மாடு இந்த வேலைக்குக் கடினமான உடல். பக்கவாட்டில் பார்த்தால் உடல் நன்றாகத் தெரியும், ஆனால் இரண்டு கொம்பும் ஒன்றாகிவிடும். ஆகவே எகிப்தியச் சிற்பி தலையைப் பக்கத் தோற்றத்தில் வைத்து, கொம்புகளை மட்டும் முன்னிருந்து பார்ப்பதாக விரித்தான். யாழின் இரு கைகளைப் போல் அவை மேலே வளைந்து நிற்கின்றன. மடியையும் மறையாமல் காட்டினான். நான்கு காலும் தெரிய வேண்டும் என்பதற்காக அப்பக்கத்துக் கால்களைச் சற்று நகர்த்தினான். கண்ணுக்கு ஒரே நேரத்தில் தெரியாதவற்றை அறிவால் ஒன்று சேர்த்தான். பார்ப்பவருக்கு இது பிழையாகத் தோன்றுவதில்லை என்பதே அந்தக் கோட்டின் வெற்றி.

மந்தையைக் காட்டுவது அடுத்த சிக்கல். ஒரு மாட்டின் முதுகு, கழுத்து, கொம்பு, கால் ஆகியவற்றின் வெளிக்கோட்டைச் சற்றுத் தள்ளித் தள்ளித் திரும்ப வெட்டினால் பத்து மாடு ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். இதற்குத் திறமை மட்டும் போதும். திறமைக்கு மேலே போகும் சிற்பி, அந்த வரிசையில் ஒரு மாட்டின் தலையைக் கீழே தாழ்த்துகிறான், அல்லது பின்னால் திருப்புகிறான். அந்த ஒரு தலையால் மந்தை நடக்கத் தொடங்குகிறது.

இனங்களையும் அவர்கள் கலக்கவில்லை. நீண்ட கொம்பு மாடு, குட்டைக் கொம்பு மாடு, கொம்பில்லாத மொட்டை மாடு எனத் தனித்தனியாகக் காணலாம். ஒரு கொம்பு மட்டும் கீழ்நோக்கி வளைக்கப்பட்ட எருதுகள் பழைய அரச காலச் சுவர்களில் உண்டு. திமில் உள்ள மாடு புதிய அரச கால ஓவியங்களில் வருகிறது. கால்நடை வரலாறு எழுதுபவர்களுக்கு இந்தச் சுவர்கள் இன்றும் ஆவணம்.

4. ஆற்றைக் கடக்கும் மந்தை

சக்காராவில் டி என்ற உயர் அதிகாரியின் கல்லறை இருக்கிறது. ஐந்தாம் அரச மரபு, சுமார் கி.மு. 2400. அரசர்களின் பிரமிடுகளையும் சூரியக் கோயில்களையும் மேற்பார்த்தவர் டி. அவர் உருவம் சுவரில் மிகப் பெரியது, நிமிர்ந்தது, அசைவற்றது. அவரைச் சுற்றிலும் சிறு சிறு வரிசைகளில் அவர் பண்ணை முழுவதும் வேலை செய்கிறது.

அதில் ஒரு வரிசை, மந்தை ஆற்றைக் கடக்கும் காட்சி. முன்னால் போகும் மேய்ப்பன் ஓர் இளங்கன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு குனிந்து நடக்கிறான். கன்று கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறது. பின்னே வரும் தாய்ப்பசு மூக்கை உயர்த்தி, வாய் திறந்து கதறுகிறது. மற்ற மாடுகள் அதைத் தொடர்கின்றன. தண்ணீரை நெளிகோடுகளால் காட்டி, அதற்குள்ளேயே மாடுகளின் கால்களையும் தெரியவிட்டிருக்கிறான் சிற்பி. கன்றை முன்னால் கொண்டுபோனால் தாய் தண்ணீரில் இறங்கும், தாய் இறங்கினால் மந்தை இறங்கும். இது மேய்ப்பனின் உத்தி. சிற்பி அந்த உத்தியைப் புரிந்துகொண்டு, அதையே படத்தின் கட்டமைப்பாக்கினான். கன்றின் பார்வை பின்னோக்கிப் போக, தாயின் குரல் முன்னோக்கி வர, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சிறு இடைவெளியில் காட்சியின் உயிர் இருக்கிறது.

இதே கல்லறையில் பசு கன்று ஈனும் காட்சியும் உண்டு. மேய்ப்பன் கன்றின் முன்னங்கால்களைப் பிடித்து மெல்ல இழுக்கிறான். தொழுவத்தில் நின்று பார்க்காத ஒருவன் இதை வரைந்திருக்க முடியாது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கன்று தூக்கும் காட்சியும் ஈற்றுக் காட்சியும் பல கல்லறைகளில் வருகின்றன. அதாவது அவையும் வழிவழி வந்த வாய்பாடுகளே. ஆனால் ஒரு கல்லறையின் கன்று இன்னொரு கல்லறையின் கன்றைப் போல் அப்படியே இருப்பதில்லை. வாய்பாட்டை வாங்கிக்கொண்ட ஒவ்வொரு கையும் கழுத்தின் திருப்பத்தில், காலின் தொங்கலில், தான் பார்த்ததைச் சேர்த்திருக்கிறது.

5. பசுவின் கண்ணீர்

கெய்ரோ அருங்காட்சியகத்தில் கவித் என்ற அரச குலப் பெண்ணின் சுண்ணாம்புக்கல் சவப்பெட்டி இருக்கிறது. பதினோராம் அரச மரபின் மன்னன் இரண்டாம் மென்துஹோதெப் தெய்ர் எல்-பஹ்ரியில் கட்டிய நினைவுக் கோயிலில் கிடைத்தது. விளிம்பு ஆழ்ந்த இரண்டாம் வகைப் புடைப்பு. ஒரு பக்கத்தில் கவித் கண்ணாடியும் கிண்ணமும் ஏந்தி உட்கார்ந்திருக்க, தாதி கூந்தலைச் சீராக்குகிறாள். அதே பெட்டியில் ஒருவன் குந்தி உட்கார்ந்து பசுவிடம் பால் கறக்கிறான். கன்று தாயின் முன்னங்காலில் கட்டப்பட்டிருக்கிறது. பசுவின் கண்ணிலிருந்து ஒரு நீர்க்கோடு வழிகிறது.

கன்றைக் காட்டாமல் கறந்தால் பசு எளிதில் பால் விடாது என்பது மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கன்று முட்டுவதாலும் அதைக் காண்பதாலும் ஆக்சிடோசின் என்ற சுரப்பு ரத்தத்தில் கலந்து மடியில் பால் இறங்குகிறது. எகிப்தியச் சிற்பி காட்டியிருப்பது அந்தக் கறவை முறையை அப்படியே. கண்ணீருக்கு அறிஞர்கள் பலரும் சொல்லும் விளக்கம், தன் கன்றுக்குரிய பால் எஜமானிக்குப் போவதைக் கண்டு பசு அழுகிறது என்பது. மாட்டின் கண்ணில் இயல்பாகவே நீர் வடியும் என்றும் வாதிடலாம். எப்படியானாலும், அந்தக் கோடு உளி தவறி விழுந்த கீறல் இல்லை. ஒருவன் நினைத்து வெட்டியது. எஜமானியின் முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாத பெட்டியில், பசுவின் முகத்துக்கு மட்டும் ஓர் உணர்ச்சி கிடைத்திருக்கிறது.

மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்துக் கோவர்த்தனச் சிற்பத்தை நீங்கள் இந்நேரம் நினைத்திருப்பீர்கள். அங்கே கறக்கப்படும் பசு கன்றை நக்கிக்கொடுக்கிறது. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு கிடையாது, இடையில் 2500 ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. பொதுவாக இருப்பது கறவை முறை மட்டும். பல்லவச் சிற்பி அதில் நிறைவைப் பார்த்தான், எகிப்தியச் சிற்பி இழப்பைப் பார்த்தான்.

6. இலக்கணம் தளரும் இடம்

எகிப்தியச் சுவரை மேலிருந்து கீழாகப் படித்தால் ஒரு வரிசை புலப்படும். அரசனும் பிரபுவும் முழு இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். எழுத்தர்கள் சற்றே குனியலாம். மேய்ப்பனுக்கு வழுக்கைத் தலை, மழிக்காத தாடி, ஒட்டிய வயிறு எல்லாம் அனுமதி. மெய்ர் என்ற ஊரில் உக்ஹோதெப் என்பவரின் பன்னிரண்டாம் அரச மரபுக் கல்லறையில் ஒரு மேய்ப்பன் எலும்பும் தோலுமாகக் கோலில் சாய்ந்து நிற்கிறான். அவன் ஓட்டும் மாடுகளோ கொழுத்திருக்கின்றன. கோடு எவ்வளவு உண்மை பேசலாம் என்பதைச் சமூகப் படிநிலை தீர்மானித்திருக்கிறது. படியில் கீழே போகப் போகக் கலைஞனுக்கு உரிமை கூடுகிறது.

தெய்வ நிலைக்கு உயர்ந்த மாடும் இந்த விதிக்கு உட்பட்டதே. மெம்ஃபிஸின் அப்பிஸ் காளைக்கு இன்ன நிறம், நெற்றியில் இன்ன அடையாளம் என்று விதி உண்டு, அதன் சிலைகளிலும் அரசருக்குரிய நிமிர்வு உண்டு. ஹாத்தோர் தேவியின் பசுச் சிலை தெய்ர் எல்-பஹ்ரியில் 1906-இல் கிடைத்தது. கம்பீரமான படைப்பு, ஆனால் அது தொழுவத்தின் பசு இல்லை. மாடு சாமியானதும் அதற்கும் இலக்கணம் வந்துவிடுகிறது.

இந்த மாடுகளெல்லாம் சொத்துப் பட்டியல்தானே, மறுமையில் பிரபுவுக்குப் பாலும் இறைச்சியும் கிடைக்க வேண்டும் என்று செதுக்கியவைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள நெபமூன் கல்லறை ஓவியத்தில், சுமார் கி.மு. 1350-இல், மந்தை கணக்குப் பார்ப்பதற்காகவே ஓட்டி வரப்படுகிறது. ஆனால் சொத்தைக் காட்டுவதற்கு மாட்டின் எண்ணிக்கை போதும். தாயைத் திரும்பிப் பார்க்கும் கன்றின் கழுத்து அந்தக் கணக்கில் சேராது. கல்லறைக்குப் பணம் கொடுத்தவர் கேட்காத ஒன்றைச் சிற்பி தானாகக் கொடுத்திருக்கிறான். கலை என்று நான் சொல்வது அந்த உபரியை.

7. மாதிரித் தகடுகள்

பிற்காலத்தில், கிரேக்க மரபினரான தாலமி அரசர்கள் ஆண்ட காலம் வரைக்கும், கையளவு சுண்ணாம்புக்கல் தகடுகள் நிறையச் செய்யப்பட்டன. அரசன் தலை, ஆட்டுக்கிடா, சிங்கம், பறவை, காளை ஆகியவை ஒவ்வொரு தகட்டிலும் தனியாகப் புடைத்து நிற்கும். சிலவற்றின் விளிம்பிலோ பின்புறத்திலோ அளவுக் கோடுகள் இருக்கும். சில பாதியில் நிற்கும். பட்டறையில் மாணவர்கள் பார்த்துச் செதுக்க வைத்த மாதிரிகள் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். கோயிலில் நேர்ந்துகொண்டு வைத்த காணிக்கைகள் என்று மறு சாரார் சொல்கிறார்கள். பட்டறையில் பிறந்து கோயிலில் போய்ச் சேர்ந்தவையாகவும் இருக்கலாம் என்பது என் எண்ணம். சந்தேகமில்லாத செய்தி ஒன்று உண்டு. ஒரு காளையின் தோளைச் சரியாகப் புடைத்தெடுப்பது கற்றுக்கொடுக்கத் தக்க, திரும்பத் திரும்பச் செய்து பழகத் தக்க பாடமாகக் கருதப்பட்டது.

8. நாம் செய்ய வேண்டியது

இளம் நண்பர்களே, பெருங்குழியில் கொட்டிய சில்லுகள் மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் எகிப்தியக் கலையை முடிந்த சுவர்களைக் கொண்டு மட்டுமே மதிப்பிட்டிருப்போம். அந்த ஊரின் கைகள் எப்படித் தயங்கின, எப்படித் திருத்தின, எங்கே விளையாடின என்பது தெரிந்திருக்காது. அவர்கள் வேண்டாம் என்று எறிந்ததை வறண்ட மண் காப்பாற்றியது. நம் மண்ணில் கறையானும் ஈரமும் உண்டு. நாம் எறிந்தால் எறிந்ததுதான்.

இரண்டு வேண்டுகோளோடு முடிக்கிறேன். முதலாவது மாணவர்களுக்கு. அந்தியூரில் ஆடி மாதம் கூடும் மாட்டுச் சந்தைக்குப் போங்கள், மணப்பாறைச் சந்தைக்குப் போங்கள். கைப்பேசியில் படம் எடுக்கும் முன் அரைமணி நேரம் நின்று பார்த்து, பென்சிலில் வரையுங்கள். நகரும் மாட்டை வரையும்போது கை தப்பும். தப்பிய கோட்டை அழிக்காதீர்கள், பக்கத்திலேயே அடுத்த கோட்டைப் போடுங்கள். இரண்டாவது கல்லூரிக்கும் இந்த அறக்கட்டளைக்கும். ஆண்டுதோறும் இந்தச் சொற்பொழிவை அச்சிடுவதோடு, படிப்பை முடித்துப் போகும் மாணவர்களின் வரைவேடுகளில் சிலவற்றையாவது தேதியும் இடமும் குறித்து வாங்கி நூலகத்தில் வையுங்கள். தேர்வுக்கு வைத்த படைப்பு மாணவர் வீட்டுக்குப் போகட்டும், பழகிய ஏடு கல்லூரியில் இருக்கட்டும். கோட்டுப் பயிற்சியைக் கற்பித்த ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் எனக்குத் தோன்றவில்லை.